கணக்கில் வராத கூலி

ஓர் இழப்பை அளக்கப் புகுவோர் முதற்கண் தம் அளவுகோலைச் சோதித்தல் வேண்டும். இணைய வசதியின்மையால் விளையும் இழப்பை அளக்க நம் நாட்டில் பெரிதும் எடுத்தாளப்படும் அலகு வீடு ஆகும். 2017-18ஆம் ஆண்டுத் தேசிய மாதிரி ஆய்வு, நகர்ப்புற வீடுகளில் 42 விழுக்காட்டிலும் சிற்றூர் வீடுகளில் ஏறத்தாழ 15 விழுக்காட்டிலும் அவ்வசதி உண்டெனக் கூறிற்று. பயனுள்ள கணக்குத்தான்; ஆயினும் பாதிக் கணக்கே.

இராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். அங்குள்ள ஒரே கைப்பேசி, துறைமுகத்துக்கோ எண்ணூர்த் தொழிற்சாலைக்கோ செல்லும் தந்தையின் சட்டைப்பையில் விடியுமுன்னே போய்விடுகிறது. ஆய்வேட்டில் அது வசதியுள்ள வீடு. 2020இல் ஊரடங்கு தளர்ந்து தந்தை வேலைக்குத் திரும்பிய பின்னும் பள்ளிகள் திறக்கவில்லை, பாடமோ கைப்பேசியில். பகல் முழுதும் அவ்வீட்டு மகளுக்கு அவ்வசதி இல்லாததே அன்றோ? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு ஆடவரையும் பெண்டிரையும் தனித்தனியே வினவியது. இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்தியோர் ஆடவரில் 57 விழுக்காடு. பெண்டிரில் 33 விழுக்காடே.

உடைமையை எண்ணுவது ஒன்று. இழப்பை எண்ணுவது வேறொன்று. 2021 மே மாதத்தில் 18 முதல் 44 வயதினர் தடுப்பூசி பெற இணையத்தில் முன்பதிவு செய்தாக வேண்டுமென்றிருந்தது. வசதியற்றோர் கதி என்னவென்று உச்ச நீதிமன்றமே வினவிற்று. அது பேரிடர்க் காலம். அன்றாட வாழ்விலோ கல்வி உதவித்தொகை, வருமானச் சான்று, ஹஜ் விண்ணப்பம் யாவும் இணைய வழியே. இயலாதவர் அரைநாள் கூலியை இழக்கிறார். பேருந்துக் கட்டணமும் கணினி மையக் கட்டணமும் கொடுக்கிறார். இவற்றினும் கொடியது, தம் ஆதார் எண்ணையும் கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்ணையும் முன்பின் அறியாதவரிடம் ஒப்படைக்க நேர்வது. இவை எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. அலுவலகங்கள் மிச்சம் பிடித்ததாகக் காட்டும் செலவில் ஒரு பகுதி உண்மையில் மிச்சமன்று. ஏழையின் மடிக்கு இடம் மாறிய செலவே அது.

தென்னகத்தின் முதல் பயணிகள் இரயில் 1856இல் புறப்பட்டது இதே இராயபுரத்திலிருந்துதான். எழுத்தறியாதவரும் சாளரத்தருகே நின்று ஊர்ப்பெயரைச் சொல்லிச் சீட்டுப் பெற முடிந்ததால் அப்புதுமை எல்லார்க்கும் உரியதாயிற்று. இன்றைய புதுமைக்கும் அத்தகைய சாளரமொன்று திறந்திருத்தல் வேண்டும். இனி வரும் ஆய்வாளர், "வீட்டில் கைப்பேசி உண்டா?" என்பதோடு, "ஒரு சான்றிதழுக்காக எத்தனை நாட்கூலி இழந்தீர்?" என்றும் கேட்கட்டும். அந்த விடையில்தான் முழுக்கணக்கு இருக்கிறது.