கைகலந்து உழைப்போமா?

இலக்கணம் என்றதும் தோழர் சிலர் முகம் சுளிக்கின்றனர். அது பண்டிதர் பிழைப்பு, பகுத்தறிவாளனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கின்றனர். கேள்வி நன்று. விடைக்குக் காத்திராமல் எழுந்து போய்விடுகின்றனரே, அதுதான் நன்றன்று.

"கைகலந்து உழைப்போம், வாரீர்!" என ஒரு துண்டறிக்கை அழைக்குமாயின், எழுதியவர் உள்ளத்தில் இருப்பது ஒற்றுமை, இன்றைய தமிழ் அதில் காண்பதோ அடிதடி! கைகலப்பு என்று நாளேட்டில் படிக்கிறோமே, அதே சொல். அவர் எழுதியிருக்க வேண்டியது 'கைகோத்து' என்பது. (கோர்த்து என ரகரத்தை நுழைப்பது பேச்சின் செல்வாக்கு. கோ என்னும் வினை, கோத்து என்றே வரும்.)

கை ஒன்றுதான், அடுத்து நிற்கும் வினை மாறினால் வாழ்வே மாறுகிறது. கொள்கையைக் கைக்கொண்டான் என்றால் ஏற்றான். கைவிட்டான் என்றால் துறந்தான். கைகழுவினான் என்றால் துறந்ததோடு பொறுப்பையும் உதறினான். கைநீட்டினான் என்பதற்கு அடித்தான் என்றும் பொருள், இரந்தான் என்றும் பொருள். இடம் நோக்கி அறிக. பெயரும் வினையும் கலந்து ஒரே வினையாகிவிட்டதால் இவற்றைச் சேர்த்தே எழுத வேண்டும். "குழந்தையின் கையை விட்டான்" என்பவனை யாரும் பழியார். "குழந்தையைக் கைவிட்டான்" எனப்படுபவனோ மன்றத்தில் நின்று விடை கூற வேண்டியவன்.

ஓர் ஒற்று செய்யும் வேலையும் சிறிதன்று. நிலம் கைமாறும், நன்றிக்குச் செய்வது கைம்மாறு. "தியாகிகளுக்குக் கைமாறு செய்வோம்" என்று மகரத்தை விழுங்கினால், நன்றியுரை பத்திரப் பதிவு ஆகிவிடும்.

நடுகல்லை 'நடுக்கல்' என எழுதுவோரும் உளர். நட்ட கல், நடுகின்ற கல், நடும் கல் ஆகிய மூன்று காலமும் அடங்கிய வினைத்தொகை அது. அங்கே வல்லொற்று மிகாது, ஊறுகாயில் மிகாதது போல. மிகுந்தால் நடுவில் கிடக்கும் கல் என்றாகும். 2006இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கிடைத்தன. ஆநிரைப் பூசலில் மாண்டவனின் பெயர் ஒன்றில் உள்ளது. அரசனல்லன், அருந்தெய்வமுமல்லன், ஊரார் மறக்க மனமின்றி நட்ட கல் அது. அதைத் தெருநடுவே கிடக்கும் கல்லாக்குவதா?

இவ்வளவு காரணம் பொதிந்த விதிகளை, காரணம் கூறாது நூற்பாவாய் ஒப்புவிக்கச் செய்த ஆசிரியர்களை நான் மன்னிப்பதற்கில்லை. ஏன் என்று கேட்ட மாணவனை உட்கார வைத்தவர்கள், இன்று இளைஞர் தமிழ் கெட்டது என்று புலம்புகின்றனர்.

இன்று எங்கும் மலிந்த பிழை 'செய்துக் கொண்டு', 'வந்துக் கொண்டு' என்பன. படித்து, எடுத்து என்னும் சொற்களில் ஈற்றுத் துகரத்தின் முன் வல்லினம் நிற்கிறது. ஆதலின் 'படித்துக் கொண்டு' என மிகும். செய்து என்பதில் இடையினம், வந்து என்பதில் மெல்லினம், ஆதலின் மிகாது. நாவே இதற்குச் சான்று. அறிக்கையை அச்சுக்கு அனுப்புமுன் ஒருமுறை உரக்கப் படிக்கும் வழக்கம் எத்தனை மன்றங்களில் இருக்கிறது?