‘கூட்டுழைப்பு’ என்றொரு சொல்லாடல்: வடசென்னையிலிருந்து சில குறிப்புகள்

‘மனிதனும் எந்திரமும் கைகோத்து உழைக்கும் காலம்’ என்கிற பேச்சு இன்று தொழில் உலகத்தின் பொதுப்புத்தியாகிவிட்டது. ரோபோ வந்தால் வேலை போய்விடும் என்ற பழைய அச்சம் ஓரங்கட்டப்பட்டு, ரோபோ இப்போது ‘தோழன்’ ஆகியிருக்கிறது. 2021 ஜனவரியில் ஐரோப்பிய ஆணையம் ‘தொழில் 5.0’ என்று ஓர் அறிக்கையே வெளியிட்டு, மனிதனை மையப்படுத்திய உற்பத்தி என்று அதற்கு விளக்கமும் சொன்னது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இந்தச் சொல்லாடலுக்குள் ஒருமையில் நிற்கிற ‘மனிதன்’ யார்? அவனுக்கு ஊர் உண்டா, சாதி உண்டா, நிரந்தரமா, காண்ட்ராக்டா? ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை போய்ப் பார்க்கிற எவருக்கும் எழக்கூடிய கேள்விதான் இது.

சொல்லின் வரலாற்றிலிருந்து தொடங்கலாம். ‘கோபாட்’ எனப்படும் கூட்டுழைக்கும் ரோபோவை 1990களின் நடுவில் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் எட்வர்ட் கோல்கேட், மைக்கேல் பெஷ்கின் ஆகிய இருவரும் உருவாக்கினார்கள். பின்னணியில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் தேவை இருந்தது. கார் பொருத்தும் லைனில் கனமான பாகங்களைத் தூக்கி நகர்த்தும் உடல்கள் தேய்ந்துபோவது கம்பெனிக்கும் நஷ்டம். முதல் கோபாட்டுகளின் அமைப்பு விசித்திரமானது. தள்ளுகிற விசை மனிதனுடையது. எந்த வழியில் போக வேண்டும் என்று கட்டுப்படுத்துவது எந்திரம். சுயமாக நகரும் விசை இல்லாத எந்திரம் யாரையும் இடித்துத் தள்ளாது என்பது இதற்குச் சொல்லப்பட்ட காரணம். நியாயமான காரணம்தான். என்றாலும் அந்த வடிவமைப்புக்குள் ஓர் அதிகார உறவும் வரையப்பட்டிருக்கிறது: பலம் உன்னுது, பாதை என்னுது. தொழிற்சாலையில் தொழிலாளி கருவியைக் கையாள்வதில்லை, எந்திரமே அவனைக் கையாள்கிறது என்று மார்க்ஸ் ‘மூலதன’த்தில் விவரித்த தலைகீழாக்கத்தை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

2016இல் சர்வதேசத் தர அமைப்பு 15066 என்ற எண்ணில் ஓர் ஆவணம் வெளியிட்டது. அது மனித உடலை 29 இடங்களாகப் பிரிக்கிறது. ரோபோவின் கை வந்து பட்டால் தோளில் எவ்வளவு அழுத்தம் வரை போகலாம், தொடையில் எவ்வளவு, விரலில் எவ்வளவு என்று அட்டவணை போடுகிறது. வலி தொடங்கும் இடம்தான் அளவுகோல். ஃபூக்கோ படித்தவர்களுக்கு உடனே கை பரபரக்கும்: உடலைத் துண்டு துண்டாக அளந்து அட்டவணையாக்கும் அதிகாரம் என்று எழுதிவிடலாம். அவசரப்பட வேண்டாம். அளக்கப்படுவது அடக்குமுறை என்றால், அளக்கப்படாமலே விடப்படுவது என்ன? எண்ணூர்ப் பக்கம் உழைக்கிற எத்தனை உடல்களுக்கு இப்படி ஒரு அட்டவணை இருக்கிறது?

இனி இந்தப் பகுதியின் கைகளைப் பார்ப்போம். 1955இல் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூர் ஆலையில் புல்லட் வண்டிகளைச் செய்தது. அந்த வண்டியின் பெட்ரோல் டேங்கில் ஓடும் மெல்லிய தங்கக்கோடு கையால் போடப்படுவது. நீண்ட மயிர் கொண்ட தூரிகையை வைத்து, மூச்சை அடக்கி, ஒரே இழுப்பில். டேங்கின் வளைவு கைக்குத் தெரியும். எங்கே மெதுவாக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்பது எந்த வரைபடத்திலும் இல்லை. 2013இல் ஒரகடத்தில் புதிய ஆலை வந்தது. அங்கே வண்ணம் தெளிக்க ரோபோக்கள் வந்தன. இதில் நாம் அழ ஒன்றுமில்லை. பெயின்ட் புகையை எந்த மனித நுரையீரலும் சுவாசிக்க வேண்டியதில்லை. ஆனால் கோடு மட்டும் கைக்கே விடப்பட்டது. ஏன்? எந்திரத்தால் கோடு போட முடியாது என்பதாலா? ஸ்டிக்கர் ஒட்டினாலே போதுமே. கையால் போட்ட கோடு என்பது விற்கிறது. கம்பெனியின் விளம்பரக் கதையாடலில் அந்தக் கோடு ‘பாரம்பரியம்’. இது காட்டப்படும் கை. காமிராவுக்கு முன்னால் வைக்கிற அளவுக்கு மதிப்புள்ள கை.

காட்டப்படாத கை ராயபுரத்துக்குத் தெற்கே துறைமுகத்துக்குள் இருக்கிறது. இங்கே 1983இல் கன்டெய்னர் முனையம் வந்தது. 2001இல் அது தனியார் கைக்குப் போனது. ஒரகடத்து உதிரிபாகங்கள் உலகச் சந்தைக்குப் போக இதுபோன்ற முனையங்கள் வேண்டும். ராட்சதக் கிரேன் பல டன் பெட்டியைத் தீப்பெட்டி மாதிரித் தூக்குகிறது. பார்க்கிறவர்கள் வியந்து நிற்கிறார்கள். ஆனால் கப்பல் தளத்தில் அடுக்கிய பெட்டிகளை இரும்புத் தண்டுகளால் இறுக்கிக் கட்டுவதும், பெட்டியின் மூலைகளில் பூட்டுகளை மாட்டுவதும் கழற்றுவதும் மனிதக் கைதான். கிரேனுக்கும் கப்பலுக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சிறு இடைவெளியை நிரப்ப ஆள் வேண்டும். இடைவெளி சிறிது, ஆபத்து பெரிது. இந்தக் கைக்கு விளம்பரப் படம் கிடையாது.

மூன்றாவது கை வேறு மாதிரி. 2017 ஜனவரி 28 விடியற்காலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதின. கெட்டியான எண்ணெய் எர்ணாவூர்க் கரையில் வந்து ஒதுங்கியது. கழிவுநீர் உறிஞ்சும் ராட்சத லாரிகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். கடல்நீரும் குப்பையும் கலந்து இறுகிப்போன அந்தச் சேற்றை அவற்றால் சரியாக உறிஞ்ச முடியவில்லை. அப்புறம் என்ன? பிளாஸ்டிக் வாளி. மீனவர்கள், கூலியாட்கள், மாணவர்கள் என்று பாறைகளின் மேல் வரிசையாக நின்று கைக்குக் கை வாளி மாற்றினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்துக்குள் வந்தபோதும் படகில் போய் மொண்டு எடுத்தவர்கள் மீனவர்களே. நவீன எந்திரம் தோற்கிற இடத்தில் எந்தத் தரக் குறியீடும் இல்லாத கை வந்து நிற்கிறது. இதை எந்த அறிக்கையும் ‘மனித–எந்திரக் கூட்டுழைப்பு’ என்று அழைப்பதில்லை. ஆனால் நமது பகுதியில் அதன் மிக உண்மையான வடிவம் இதுதான்.

கோடு போடும் கை, பூட்டு மாட்டும் கை, வாளி பிடிக்கும் கை. மூன்றும் ஒன்றல்ல. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே பிரித்து அடுக்குவது என்று அம்பேத்கர் 1936இலேயே சுட்டிக்காட்டினார். ‘மனிதனுக்கு எது, எந்திரத்துக்கு எது’ என்று பங்கு பிரிக்கிற இன்றைய சொல்லாடல், மனிதர்களுக்குள் ஏற்கெனவே நடந்து முடிந்த இந்தப் பங்கீட்டைப் பற்றி வாய் திறப்பதில்லை. எந்த வேலைக்கு ரோபோ வரும் என்பதை வேலையின் கடினம் தீர்மானிப்பதில்லை. கை எவ்வளவு மலிவு என்பதே தீர்மானிக்கிறது. மலக்குழிக்குள் மனிதரை இறக்குவதைத் தடை செய்யும் சட்டம் 2013இல் வந்தது. அதன் பிறகும் சாவு நிற்கவில்லை. தொழில்நுட்பம் இல்லாததால் அல்ல.

அப்படியானால் உண்மையான கூட்டுழைப்பை எதை வைத்து அடையாளம் காண்பது? ஒரே ஒரு சோதனை போதும் என்று தோன்றுகிறது: நிறுத்தும் உரிமை யாரிடம் இருக்கிறது? கோபாட் மனித உடலில் பட்டால் தானே நின்றுவிடும். அதுதான் அதன் பெருமை. ஆனால் லைனின் வேகம் தாங்கவில்லை என்று தொழிலாளி அதை நிறுத்த முடியுமா? சிவப்புப் பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அதை அழுத்திய காண்ட்ராக்ட் தொழிலாளியின் கேட் பாஸ் மறுநாள் செல்லுமா?

நிறுத்தும் உரிமையை யாரும் தானமாகக் கொடுத்ததில்லை. 1918இல் பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களை வைத்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. கைகளுக்குச் சேர்ந்து நிற்கத் தெரியும் என்று அன்றைக்கு இந்த ஊர் கற்றது. சரியாக 100 ஆண்டு கழித்து, 2018இல், ரோபோக்கள் வண்ணம் தெளிக்கும் அதே ஒரகடத்தில் ராயல் என்ஃபீல்டு தொழிலாளர்களும் யமஹா தொழிலாளர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பிரச்சினையின் மையத்தில் இருந்தது சங்க உரிமை. ‘தோழன்’ ரோபோவோடு வேலை செய்யலாம். சக தொழிலாளியோடு தோழமை கொண்டால் குற்றம். இந்த முரணைத்தான் ‘மனிதனை மையப்படுத்திய’ என்ற அடைமொழி மூடி மறைக்கிறது.

ஆலைக்கு வெளியே இருப்பவர்களுக்கும் இதில் பங்குண்டு. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பம் மக்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பியது அவர்களுடைய மூக்கும் எரிந்த கண்ணும்தான். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பிறகு திரும்பி வந்து ஆலைக்கு எதிரே உட்கார்ந்தார்கள். அவர்கள் அந்த ஆலையின் சம்பளப் பட்டியலில் இல்லை. ஆனால் அந்த எந்திரத்தோடு இரவும் பகலும் சேர்ந்து வாழ்பவர்கள் அவர்கள்தான். சோதனையை அவர்களுக்கும் நீட்டிக்க வேண்டும்.

எந்திரம் வேண்டாம் என்பதல்ல இங்கே வாதம். வாளியையும் மலக்குழியையும் எந்திரம் நாளைக்கே எடுத்துக்கொள்ளட்டும்; நமக்கு ஆட்சேபணை இல்லை. ‘கைகோத்து’ என்று இனி யாராவது மேடையில் பேசினால், நாம் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: எந்தக் கைய்யா? அந்தக் கைக்கு நிறுத்துற பொத்தான் எட்டுமா?