உறுப்பறை

எம்.ஏ. தமிழ் வகுப்பில் மனித உடம்பைப் பூக்கடையாகத்தான் நமக்குக் காட்டினார்கள். கண் குவளை, விரல் காந்தள், பாதம் தாமரை. கேசாதிபாதம் என்று மேலிருந்து கீழே வந்தோம். பாதாதிகேசம் என்று கீழிருந்து மேலே போனோம். போன வழியில் எந்த உறுப்பும் ஒரு வேலை செய்து பார்த்த ஞாபகம் இல்லை. குறுந்தொகையில் மட்டும் தயிர் பிசைந்த விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு குழம்பு வைக்கிற ஒருத்தி வருகிறாள். அந்த விரலும் காந்தள்தான். இருந்தாலும் பிசைந்த கை கொஞ்சம் தெரிந்ததே, அதுவரைக்கும் சந்தோஷம்.

நான் பேச வந்தது தலித் எழுத்தை நாம் வாசிக்கிற முறையைப் பற்றி. பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. முப்பது வருசம் தாண்டிவிட்டது. இன்னமும் அது நாவலா தன்வரலாறா, அந்தப் பேச்சுமொழி இலக்கியத்துக்கு ஆகுமா ஆகாதா என்று கட்டுரை வாசித்துக்கொண்டிருக்கிறோம். கருக்கு என்பது பனைமட்டையின் ஓரத்தில் இருக்கிற ரம்பப் பல். விறகு பொறுக்கப் போகிற கையைக் கிழிக்கும். அந்தப் பிரதிக்குள் கை என்ன செய்கிறது, அதை என்ன செய்யவிடாமல் வைத்திருக்கிறார்கள் என்று நாம் கேட்டோமா?

கேட்பதற்கு முன் கையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம். ஒரு கையில் 27 எலும்புகள். விரலை மடக்குகிற பெரிய தசைகள் விரலுக்குள் கிடையாது. அவை முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து நாண்கள் விரல் வரைக்கும் ஓடி, பொம்மலாட்டக் கயிறு மாதிரி இழுக்கின்றன. நாள் பூராவும் களை பறித்தவருக்கு ராத்திரி முழங்கைக்குக் கீழே கடுக்கிறது என்றால் காரணம் இதுதான். கட்டைவிரல் போனால் கையின் வேலைத்திறனில் 40 முதல் 50 சதவீதம் போச்சு என்று மருத்துவர்கள் கணக்குச் சொல்கிறார்கள். துரோணருக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்கிறது. அதனால்தான் ஏகலைவனிடம் சுண்டுவிரலைக் கேட்கவில்லை.

உடம்பிலேயே தொடுவுணர்வு மிகக் கூர்மையாக இருக்கிற இடங்களில் ஒன்று விரல்நுனி. அங்கே உள்ள ரேகை தாய் வயிற்றில் மூன்றாம், நான்காம் மாதத்திலேயே விழுந்துவிடுகிறது. எந்தத் தெரு வயிறு என்று பார்த்து விழுவதில்லை. ஆனால் அந்த ரேகை யார் கையில் நிலைக்கிறது, யார் கையில் தேய்கிறது என்பதைச் செய்கிற வேலைதான் முடிவு பண்ணுகிறது. அந்த வேலையை யாருக்குக் கொடுப்பது என்பதைச் சாதி முடிவு பண்ணுகிறது.

எங்கள் வடுகபட்டியை வெளியூரில் கவிஞர் வைரமுத்துவின் ஊர் என்பார்கள். பெரியகுளம் பக்கத்து ஆட்களுக்கு அது பூண்டுச் சந்தை. கொடைக்கானல் மலைப்பூண்டு இங்கே வந்துதான் விலைபோகும். தண்டும் வேரும் நறுக்கி, பெருசு சிறுசு பார்த்துப் பிரித்துப் போடுவது பெரும்பாலும் பெண்கள். முழுப் பல்லில் அந்த நெடி கிடையாது. பல் நசுங்கும்போதுதான் அதற்குள் தனித்தனியாக இருக்கிற இரண்டு பொருள்கள் கலந்து அல்லிசின் உண்டாகிறது. மருந்து என்று நாம் கொண்டாடுகிற அதே சாறு, நாள்பட விரல்நுனியை எரித்து வெடிப்பு விழவைக்கும், தோல் உரியும். மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. எந்த மண்ணில் விளைந்தது என்று அதற்குச் சான்று இருக்கிறது. அதைப் பிரித்த சின்னம்மா ரேஷன் கடையில் விரலை வைத்தால் மெஷின் அவளை யாரென்று தெரியாது என்கிறது. சேலையில் துடைத்துத் துடைத்து நாலு தடவை வைக்கிறாள்.

இப்படி வேலை பார்க்கிற ஏழெட்டுப் பெண்களுக்கு ஒரு ராத்திரி எங்க தெருவில் ‘கருக்கு’ வாசித்துக் காட்டினேன். இரண்டு இடங்களை எடுத்துக்கொண்டேன். ஒன்று, தெருப் பெரியவர் ஒருவர் வடைப் பொட்டலத்தைக் கையில் பிடிக்காமல் கட்டியிருக்கிற சரட்டை மட்டும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் நாயக்கரிடம் கொடுப்பது. விவரம் புரியாத சிறுமி அதைப் பார்த்துச் சிரிக்கிறாள். அண்ணன் விளக்கிச் சொன்ன பிறகு அந்தச் சிரிப்பு நின்றுவிடுகிறது. இன்னொன்று, வேலைக்குப் போன வீட்டில் பாட்டிக்குத் தண்ணீரை உயரத்தில் இருந்து ஊற்றுவதும், பாட்டி கையைக் குவித்து வாயில் வைத்துக் குடிப்பதும்.

தண்ணீர் இடம் வந்ததும் ஒரு சின்னம்மா சொன்னாள்: “தம்பி, கையேந்திக் குடிச்சா பாதித் தண்ணி முழங்கை வழியா ஓடிப்போகும்ப்பா. வயிறு ரொம்பாது, சீலதான் நனையும். நனைஞ்ச சீலையோட திரும்பக் குனிஞ்சு வேலை பாக்கணும்.” பக்கத்தில் இருந்தவள் கேட்டாள்: “ஏக்கா, அம்புட்டு ஒசரத்துக்குச் செம்பத் தூக்கிப் பிடிச்சு ஊத்துறவளுக்குக் கை கடுக்காதா?” எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

நான் படித்த விமரிசனக் கட்டுரைகளில் இந்த இரண்டு வரிக்கு ஈடாக எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. முதலாமவள், குடிக்கிற கையில் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று சொன்னாள். இரண்டாமவள், சாதியைக் காப்பாற்ற அடுத்தவளுடைய தோள்பட்டையும் எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்று சொன்னாள்.

இப்போது தொல்காப்பியத்துக்கு வருவோம். உணர்ச்சி மெய்யில் படுவது மெய்ப்பாடு. எட்டு மெய்ப்பாட்டுக்கும் நந்நான்கு நிலைக்களன் சொல்லப்படுகிறது. அழுகைக்கு உரிய நாலில் முதலாவது இளிவு, அதாவது பிறர் இகழ நாம் எளியவராகிப் போவது. வெகுளிக்கு உரிய நாலைப் பாருங்கள்: உறுப்பை அறுக்கிற உறுப்பறை, குடும்பத்துக்குக் கேடு செய்கிற குடிகோள், அடித்து அலைக்கழிக்கிற அலை, கடைசியில் கொலை. இழிவுபடுத்தினால் அழலாம். கோபப்படுவதற்கு வெட்டு விழ வேண்டும், அடி விழ வேண்டும், உயிர் போக வேண்டும். இது இலக்கண நூலில் உள்ள ஒரு பட்டியல்தான். ஆனால் இன்றைக்குப் போலீஸ் ஸ்டேஷனில் நம்மிடம் கேட்கிற கேள்வியும் இதே பட்டியல்தான்: “காயம் எங்கப்பா இருக்கு? சும்மா பேச்சுதானே?”

என் வாதம் இதுதான். தலித் எழுத்து இளிவை அழுகைக் கணக்கில் இருந்து எடுத்து வெகுளிக் கணக்கில் எழுதுகிறது. அதற்குத் தொல்காப்பியத்தைத் தூக்கி எறிய வேண்டியதுகூட இல்லை. உறுப்பறை என்ற சொல்லைச் சரியாக வாசித்தால் போதும். கையின் முதல் வேலை தொடுவது. பொட்டலத்தைத் தொடாதே, செம்பைத் தொடாதே என்று ஒருவரை வளர்த்தால், அந்தக் கையை அரிவாள் இல்லாமலே அறுத்தாயிற்று. எலும்பு 27ம் அப்படியே இருக்கும், நாணும் தசையும் இருக்கும், கை மட்டும் இருக்காது. ‘கருக்கு’ சிறுமியின் சிரிப்பு நிற்கிற இடத்தில் நடப்பது இந்த உறுப்பறைதான். அவள் அழவில்லை, கோபப்படுகிறாள். போய் அந்தப் பொட்டலத்தைத் தொட்டுவிட வேண்டும் என்று நினைக்கிறாள். விமரிசகர்கள் அதை வெறும் ஆவேசம் என்று ஒதுக்கினால், நாம் அதை இலக்கணப்படியே வெகுளி என்று சொல்ல வேண்டும்.

கையோடு இது முடியவில்லை. மூக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 400 வகை வாசனை ஏற்பிகள் நம் எல்லார் மூக்கிலும் வேலை செய்கின்றன. சாக்கடையில் உண்டாகிற ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றில் 10 லட்சத்தில் 100 பங்கு அளவுக்கு அது ஏறினால், சில நிமிடத்தில் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. குழியில் இறங்கியவர் வாயு போய்விட்டது என்று நினைக்கிற நேரத்தில்தான் அது அவரைக் கொல்கிறது. இங்கே முதலில் அறுபடுகிற உறுப்பு மூக்கு. தடைச் சட்டம் 1993இல் வந்தது, 2013இல் மறுபடியும் வந்தது. குழிக்குள் நடக்கும் சாவுக்கு உச்ச நீதிமன்றம் 2014இல் 10 லட்சம் ரூபாய் என்றது, 2023இல் 30 லட்சம் என்றது. நிரந்தர ஊனத்துக்கு 20 லட்சத்துக்குக் குறையக்கூடாது என்றும் சொன்னது. உறுப்புக்கு விலை சொல்ல நீதிமன்றத்தால் முடிகிறது. அந்தக் குடும்பம் வாங்க வேண்டியது அது. ஆனால் அந்த மூக்கைப் பற்றி எழுதுகிறவர் அருவருப்பை மட்டும் எழுதிவிட்டுப் போனால், வேடிக்கை பார்க்கிறவர் மூக்கைத்தான் அவர் எழுதியிருக்கிறார் என்று அர்த்தம்.

இதே அளவுகோலை நம் தெருவுக்கும் வைக்க வேண்டும். இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் வந்தபோது தலித் வட்டாரத்திலேயே சர்ச்சை கிளம்பியது. நம் வீட்டு அழுக்குத் துணியை வெளுக்கிற புதிரை வண்ணார் பெண் ஆரோக்கியம்தான் அதில் நாயகி. நம் தீட்டுத் துணியை அலசிய கை, ராத்திரி நம் வாசலில் சோற்றுக்கு நிற்கிறது. ‘நம்மள நாமே காட்டிக்கொடுக்கலாமா’ என்று அன்றைக்குக் கேட்டவர்கள் உண்டு, இன்றைக்கும் கேட்கிறவர்கள் உண்டு. செம்பை உயரத்தில் பிடித்தவளைப் பார்த்து எங்க ஊர்ப் பெண்கள் சிரித்த சிரிப்பை, ஆரோக்கியத்துக்குச் சோறு போடுகிற கையைப் பார்த்தும் சிரிக்க முடிந்தால்தான் நம் விமரிசனத்துக்கு யோக்கியதை வரும். அந்த நாவலைக் கணக்கில் இருந்து தள்ளிவிட்டு ‘கருக்கு’வை மட்டும் வைத்துக்கொள்கிறவர், உறுப்பறையில் பாதியைத்தான் படித்திருக்கிறார்.

ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிற மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். எந்தப் பிரதியையாவது எடுங்கள். அதில் கை எதையெல்லாம் செய்கிறது, எதைத் தொடக்கூடாது, கால் எந்தத் தெருவில் செருப்பைக் கழற்றுகிறது, மூக்கு யாருக்காக மரத்துப்போகிறது என்று பக்கம் பக்கமாகக் குறியுங்கள். பிறகு அந்தப் பக்கங்களை உங்கள் ஊரில் அதே வேலை செய்கிற நாலு பேருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் சொல்வதை அடிக்குறிப்பில் போட்டுவிடாதீர்கள். கட்டுரைக்குள்ளேயே எழுதுங்கள்.