இறங்கும் நீரின் அழகு

மேட்டூர் அணை 120 அடியை எட்டினால் உபரிநீர் பாயும் 16 கண் மதகுப் பக்கம் கூட்டம் கூடும். எனக்கென்னவோ நீர் இறங்கும் மாதங்கள்தான் பிடிக்கும். அணையின் நீர்த்தேக்கக் கரையிலுள்ள பண்ணவாடியில் தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க, கரைச் சரிவில் ஒவ்வொரு மட்டமும் பாட்டியின் நெற்றிச் சுருக்கம்போல வரிவரியாகப் பதியும். மேல்வரி வெயிலில் வெடித்துக் காலடியில் நொறுங்கும். கீழ்வரி வண்டலாய் விரலிடுக்கில் பிதுங்கும். முழுகிக் கிடந்த நந்தியும் தேவாலயக் கோபுரமும் பாசி உலர வெளியே வரும்.

பரிசல்காரர் நகரும் துறையோடு தானும் நகர்கிறார். துடுப்பு தரை தட்டும் ஓசையிலேயே ஆழம் அவருக்குத் தெரிந்துவிடும். ஈரம் காயுமுன் உழவர்கள் அந்த வண்டலில் கம்பும் நிலக்கடலையும் விதைக்கிறார்கள். மேலே கபினி ஆற்றுப் பக்கம் மழை வலுத்து அணையில் நீர் ஏறுவதற்குள் அறுத்துவிட வேண்டும். அந்தக் கணக்கில் பெரும்பாலும் அவர்கள்தான் ஜெயிக்கிறார்கள்.