தூண்களுக்குக் கீழே யார்?

கணினி விளையாட்டைப் பிரதியாக வாசிக்கலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வாசித்தே ஆக வேண்டும். 2015இல் வெளிவந்த, பின்லாந்தின் கொலோசல் ஆர்டர் உருவாக்கிய 'சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்' ஆட்டத்தில் நாம்தான் மேயர். நெரிசலா? சாலையைத் தூணில் ஏற்று. அதற்கு மேல் இன்னொன்று, அதற்கும் மேல் இன்னொன்று. நானும் ராத்திரி ராத்திரியா அடுக்கியிருக்கேன். பார்க்க அழகுதான், மேலிருந்து பார்ப்பவருக்கு.

இந்தப் பிரதியின் அரசியல் அதன் விலைப்பட்டியலில் இருக்கிறது. தரைச் சாலையைவிட உயர்சாலைக்குச் செலவு அதிகம். குறுக்கே நிற்கிற வீட்டை இடிக்கக் காசு வேண்டாம், நஷ்டஈடும் கிடையாது. இரைச்சல் தாங்காமல் சனங்கள் நோயில் விழலாம், ஊரைவிட்டே போகலாம். மறியலுக்கு மட்டும் வரமாட்டாங்க.

ஈரடுக்குச் சாலையை மறுத்த சனங்கள் நிஜத்தில் உண்டு. அமெரிக்காவின் மேற்கு ஓக்லாந்தில், கறுப்பின மக்களின் குடியிருப்பைப் பிளந்துகொண்டு சைப்ரஸ் மேம்பாலச் சாலை 1957இல் திறக்கப்பட்டது. 1989 அக்டோபர் 17 நிலநடுக்கத்தில் மேலடுக்கு கீழடுக்கின்மேல் விழுந்தது. 42 பேர் செத்தார்கள். மீட்க முதலில் ஓடிவந்தவர்களில் அக்கம்பக்கத்துச் சனங்களும் இருந்தார்கள். அதே தடத்தில் மறுபடி கட்டக் கூடாதென்று அவர்கள் போராடினார்கள். 1997இல் திறந்த புதிய சாலை அந்தக் குடியிருப்பை விட்டு விலகி, ரயில் யார்டு பக்கமாகப் போனது.

இப்படிப்பட்ட மறுப்புக்கு ஆட்டத்தில் இடமே வைக்கவில்லை. வைத்தால் சுவாரசியம் போயிடும் என்பார்கள். போகாது. மேயர் பேச்சுவார்த்தைக்கு உட்கார வேண்டிவரும், அவ்வளவுதான்.