வழிநூலாகும் அகராதி: தமிழ்ச் சொற்றொகுப்பு மரபில் முன்னோர் பங்களிப்பும் இன்றைய வளர்ச்சியும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழ் அகராதி வரலாறு பெரும்பாலும் முன்னோடிகளின் வரிசையாகவே எழுதப்பட்டுள்ளது. அவ்வரிசையில் இடம்பெறும் ஒவ்வொரு நூலும் தனக்கு முற்பட்ட நூலின் சொல்வளத்தையும் வகைப்பாட்டையும் பிழைகளையும் ஒருசேர ஏற்றுக்கொண்டது. தொல்காப்பிய மரபியல் வகுத்துரைக்கும் வழிநூல் என்னும் கருத்தை அளவுகோலாகக் கொண்டு நிகண்டு, சதுரகராதி, யாழ்ப்பாண அகராதி, வின்சுலோ அகராதி, சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, தற்கால அகராதி ஆகியவற்றுக்கு இடையிலான உறவை இக்கட்டுரை ஆராய்கிறது. முன்னோர் பெயரைச் சுட்டுதல் மரியாதை மட்டுமன்று; திருத்தத்துக்கு இன்றியமையாத ஆய்வுமுறையும் அதுவே என்பது இதன் கருதுகோள். சான்றுக் குறிப்புகளைக் கைவிடும் மின்னகராதிகள் இம்முறையை இழக்கும் நிலையில் உள்ளமையும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நிகண்டு, அகராதி, வழிநூல், சதுரகராதி, வின்சுலோ, தமிழ்ப் பேரகராதி, மின்னகராதி

முன்னுரை

ஒரு தமிழ்ச் சொல்லின் பொருளை இன்று கைப்பேசியில் சில நொடிகளில் அறிந்துகொள்ள முடிகிறது. இவ்வசதி கணினித் தொழில்நுட்பத்தின் கொடையாகவே பொதுவாகப் பேசப்படுகிறது. ஆயினும் திரையில் தோன்றும் பொருள் விளக்கம் பல நேரங்களில் நூறாண்டுக்கு முன் அச்சான நூலிலிருந்து எடுக்கப்பட்டதாகும். அந்நூல் அதனை அதற்கும் முற்பட்ட அகராதியிலிருந்தோ நிகண்டிலிருந்தோ பெற்றிருக்கும். தேடும் வேகம் புதியது; தேடப்படும் பொருளோ பல தலைமுறையினர் திரட்டிய செல்வம். இவ்விரண்டையும் பிரித்துணராத நிலையில், இன்றைய வளர்ச்சி எதன்மேல் நிற்கிறது என்னும் வினாவுக்கு விடை கிடைப்பதில்லை. அகராதித் துறையில் அவ்வினாவை எழுப்புவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வழிநூல் என்னும் அளவுகோல்

நூல்களை முதல்நூல், வழிநூல் எனப் பகுப்பது தமிழ் இலக்கண மரபு. வழிநூலைத் தொல்காப்பிய மரபியல் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நான்காக வகுக்கிறது. நன்னூல் சார்புநூலையும் சேர்த்து மூவகை காண்பதோடு, வழிநூலாசிரியன் முன்னோனோடு உடன்பட்டும் தேவையான இடத்தில் வேறுபட்டும் செல்வதற்கு இடமளிக்கிறது. நூலாசிரியனுக்குரிய எழுவகை மதத்துள் உடன்படலோடு மறுத்தலும் பிறர் நூலின் குற்றம் காட்டலும் அடங்கும். எனவே இம்மரபில் முன்னோரைப் போற்றுதலும் அவர்தம் பிழையைத் திருத்துதலும் ஒன்றற்கொன்று பகையல்ல.

இப்பகுப்பு இலக்கண நூல்களை மனத்திற்கொண்டு அமைந்தது எனினும், அகராதிக்கே மிகப் பொருந்துகிறது. எந்த அகராதியும் வெற்றிடத்தில் தொடங்குவதில்லை. முன்னது விரிந்து கிடந்தால் பின்னது தொகுக்கும். முன்னது சுருங்கியிருந்தால் பின்னது விரிக்கும். வேற்றுமொழியாளர் தேவை கருதிப் பெயர்க்கும். ஆகவே ஓர் அகராதியின் தகுதியை அது சேர்த்த சொற்களின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் அளத்தல் போதாது. தான் பெற்றதை அது எவ்வாறு கையாண்டது என்பதும் கணக்கிடப்பட வேண்டும்.

நிகண்டிலிருந்து அகராதிக்கு

திவாகரம் சொற்களைத் தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் முதலாகப் பன்னிரு தொகுதிகளாக வகுத்தது. முதற் பத்துத் தொகுதிகளும் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் தந்தன. பதினொன்றாவது ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தந்தது. பன்னிரண்டாவது தொகைப் பெயர்களை விளக்கியது. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டும் இப்பன்னிரு தொகுதி அமைப்பையே பின்பற்றியது. செய்யுள் வடிவில் மனப்பாடம் செய்வதற்கென ஆக்கப்பட்ட இந்நூல்கள், சொல்லைத் தேடுவோருக்கு உரியவை அல்ல. சொல்லை நினைவில் ஏற்றிக்கொள்வோருக்கு உரியவை. திண்ணைப் பள்ளிக் கல்வியில் அவை பெற்ற இடத்துக்கு இதுவே காரணம்.

தேடுவதற்கேற்ற ஒழுங்கு படிப்படியாகவே உருவாயிற்று. சூடாமணியின் பதினொன்றாம் தொகுதி எதுகை எழுத்தின் வரிசையில் அமைந்தது. சிதம்பர இரேவண சித்தர் 1594இல் இயற்றிய அகராதி நிகண்டு சொற்களை முதலெழுத்து வரிசையில் நிறுத்தியது. இவ்விரு முயற்சிகளுக்கும் பின்னரே 1732இல் வீரமாமுனிவரின் சதுரகராதி தோன்றியது.

சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு பகுதிகளை உடையது. இவற்றை நிகண்டின் அமைப்போடு ஒப்பிட்டால் ஓர் உண்மை புலனாகும். ஒரு சொல்லின் பல பொருள்களைத் தரும் பெயரகராதி, நிகண்டின் பதினொன்றாம் தொகுதிக்கு நிகரானது. ஒரு பொருளின் பல பெயர்களைத் தரும் பொருளகராதி, முதற் பத்துத் தொகுதிகளின் மறுவடிவம். தொகையகராதி பன்னிரண்டாம் தொகுதியின் வழிவந்தது. எதுகைச் சொற்களைத் திரட்டும் தொடையகராதியும் செய்யுள் இயற்றும் மரபினரின் தேவையை ஒட்டியதே. வீரமாமுனிவர் நிகண்டைப் புறந்தள்ளவில்லை. அதன் செய்யுள் தளையை நீக்கி, அகர வரிசையில் அடுக்கி, எவரும் தேடத்தக்கதாக்கினார். மரபியலின் சொல்லால் கூறின், இது தொகுத்தல் என்னும் வழிநூல் வகையைச் சாரும்.

அவரைத் தமிழ் அகராதியின் தந்தை எனப் பாராட்டுவது வழக்கம். அப்பாராட்டு தகுதியானதே. ஆனால் அதனைத் தொடக்கம் என்னும் பொருளில் கொள்ளும்போது இரேவண சித்தரும் மண்டலபுருடரும் மறைந்துபோகின்றனர். சதுரகராதியின் சிறப்பு, அது முன்னது எதுவுமின்றித் தோன்றியதில் இல்லை. ஆயிரம் ஆண்டளவில் திரண்ட ஒரு சொற்செல்வத்தைப் புதிய வாசகர்க்குத் திறந்துவிட்டதில்தான் உள்ளது.

முடியாத பணிகளும் கைமாறிய சொற்களும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் அகராதிகளை ஆராயுங்கால், தொடங்கியவரே முடித்த பணிகள் அரியவை என்பது தெரியவரும். ராட்லரின் தமிழ்-ஆங்கில அகராதி 1834இல் வெளிவரத் தொடங்கியது. 1836இல் அவர் மறைந்தார். வில்லியம் டெய்லர், வேங்கடாசல முதலியார் ஆகியோரின் உழைப்பால் அது 1841இல் நிறைவெய்தியது.

யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது இதனினும் குறிப்பிடத்தக்கது. ஜோசப் நைட் அங்கிருந்து தமிழ்ச் சொற்களைத் திரட்டி வந்தார். எந்த அகராதியையும் அச்சில் காணாமலே 1838இல் காலமானார். அவர் விட்டுச்சென்ற திரட்டு வீணாகவில்லை. உடுவில் சந்திரசேகர பண்டிதர், லெவி ஸ்போல்டிங் ஆகியோரின் முயற்சியால் 1842இல் மானிப்பாயிலிருந்து ஏறத்தாழ 58,500 சொற்களைக் கொண்ட யாழ்ப்பாண அகராதி வெளிவந்தது. மானிப்பாய் அகராதி எனவும் வழங்கும் இந்நூல், தமிழுக்குத் தமிழிலேயே பொருள் கூறுவது. நைட்டின் திரட்டை அடித்தளமாகக் கொண்ட தமிழ்-ஆங்கிலப் பணி மிரோன் வின்சுலோவின் கைக்கு வந்து, பல்லாண்டு உழைப்புக்குப்பின் 1862இல் சென்னையில் அச்சேறியது. 67,000க்கும் மிகுதியான சொற்களைக் கொண்ட அவ்வகராதி வின்சுலோவின் பெயராலேயே இன்றளவும் வழங்குகிறது. அதன் ஆக்கத்தில் துணைநின்ற இராமாநுச கவிராயர் போன்ற தமிழ்ப் புலவர்களின் பங்கு அகராதி வரலாற்றில் அடிக்குறிப்பாகவே சுருங்கிவிட்டது.

ஈண்டு இருவகை மறைவு நிகழ்ந்துள்ளமை நோக்கத்தக்கது. ஒன்று, தொகுத்தவர் பெயர் முடித்தவர் பெயருக்குள் மறைதல். மற்றொன்று, சொல்லின் பொருளை உரைத்த புலவர் பெயர் அதனைப் பதிவுசெய்தவர் பெயருக்குள் மறைதல். முன்னது பணியின் நீட்சியால் நேர்வது. பின்னது அக்காலத்து அதிகார உறவின் விளைவு. மிஷனரிகளின் தொண்டைக் குறைத்து மதிப்பிடாமலே இவ்வேறுபாட்டைச் சுட்டுதல் இயலும். பெயர்ப்பலகையில் யார் இருந்தார் என்பதும், மூலச் சுவடியையும் வழக்கையும் அறிந்து பொருள் தெளிவித்தவர் யார் என்பதும் வேறு வேறு வினாக்கள்.

பேரகராதி: கடனைக் குறித்துவைத்த நூல்

1913இல் ஜே. எஸ். சாண்ட்லரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தொடங்கிய தமிழ்ப் பேரகராதிப் பணி, ச. வையாபுரிப்பிள்ளை பதிப்பாசிரியராக இருந்த காலத்தில் முழுமை பெற்றது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள் வெளிவந்தன. அவற்றில் 1,04,405 சொற்களும் பின்னர் வந்த அநுபந்தத்தில் 13,357 சொற்களும் இடம்பெற்றன. மு. இராகவையங்கார் தலைமைத் தமிழ்ப் பண்டிதராகப் பணியாற்றினார்.

இந்நூலின் பெருமை எண்ணிக்கையால் மட்டும் அமைந்ததன்று. ஒவ்வொரு பொருளுக்கும் அதன் ஆதாரத்தைச் சுட்டும் முறையே அதன் தனிச்சிறப்பு. இலக்கியச் சான்று கிடைத்த இடத்தில் நூற்பெயரும் பாடலெண்ணும் தரப்பட்டன. நிகண்டு மட்டுமே சான்றாக உள்ள இடத்தில் திவாகரம், பிங்கலம், சூடாமணி ஆகியவற்றின் சுருக்கக் குறியீடுகள் இடப்பட்டன. வின்சுலோவிலிருந்து எடுக்கப்பட்டவற்றுக்கு அவர் பெயரின் முதலெழுத்தும், யாழ்ப்பாண வழக்குக்கு அதற்குரிய குறியும், வட்டார வழக்கு, பேச்சு வழக்கு ஆகியவற்றுக்குத் தனிக்குறிகளும் அமைந்தன.

இக்குறிகளைக் கடன்பதிவு என்றே கருதலாம். அவை இரண்டு பணிகளைச் செய்கின்றன. முதலாவது, பெற்றதைப் பெற்றதாக ஒப்புக்கொள்கின்றன. இரண்டாவது, அச்சொல்லை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதைப் பயில்வோருக்கு உணர்த்துகின்றன. சங்கப் பாடலில் பயின்ற சொல்லும், நிகண்டில் மட்டும் காணப்படும் சொல்லும், ஒரு முந்தைய அகராதியின் கூற்றை மட்டுமே சான்றாகக் கொண்ட சொல்லும் ஒரே உறுதியுடையன அல்ல. நிகண்டுப் படிகளில் நேர்ந்த ஏடெழுதுவோர் பிழை, புதிய சொல்லாக அகராதிக்குள் நுழைதல் கூடும். ஆதாரக் குறி இருந்தால் அச்சொல்லை அதன் பிறப்பிடத்துக்குப் பின்தொடர்ந்து சோதிக்க முடியும். குறி இல்லையெனில் பிழையும் மரபாகிவிடும்.

'மா' என்னும் ஓரெழுத்தொருமொழி இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. விலங்கு, மரம், பெருமை, திருமகள் முதலான பொருள்களை நிகண்டு ஒருங்கே அடுக்கிச் சொல்லும். பேரகராதி அவற்றைத் தோற்றம் கருதிப் பல தலைச்சொற்களாகப் பிரிக்கிறது. நிகண்டு திரட்டித் தந்திராவிடில் பிரிப்பதற்குரிய பொருளே கிடைத்திராது. பேரகராதி பிரித்திராவிடில் வேறுவேறு சொற்கள் ஒரே சொல்லாகத் தோன்றும் மயக்கம் நீங்கியிராது. தொகைவிரி என மரபியல் கூறும் வழிநூலின் இயல்பு இதுவே.

மறுப்பும் வளர்ச்சியே

பேரகராதி ஒரு முடிந்த முடிபாக ஏற்கப்படவில்லை. தமிழ்ச் சொற்கள் பலவற்றுக்கு அது காட்டிய வடமொழி மூலங்களைத் தேவநேயப் பாவாணர் கடுமையாக மறுத்தார். 1974இல் அவர் தலைமையில் தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் பேரகரமுதலிப் பணி, 1981இல் அவர் மறைந்த பின்னரும் தொடர்ந்து 2011இல் நிறைவுற்றது. பாவாணரின் வேர்ச்சொல் முடிவுகள் அனைத்தையும் மொழியியலார் ஏற்பதில்லை. ஆயினும் அவரது மறுப்பு, பேரகராதியைக் கண்மூடி வழிமொழியும் போக்கைத் தடுத்தது. தலைச்சொற்களும் மூலக் குறிப்புகளும் வெளிப்படையாக அச்சில் இருந்தமையாலேயே எதனை மறுப்பது என்பது அவருக்குத் தெளிவாயிற்று. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியும் (1961) தமிழ்ச் சொற்களுக்குப் பேரகராதியையே பெரிதும் சார்ந்தது. ஒரே நூல் மறுப்போருக்கும் ஏற்போருக்கும் களமாக அமைந்தது அதன் வெளிப்படைத்தன்மைக்குச் சான்றாகும்.

முன்னோர் விட்டுச்சென்றவற்றுள் மௌனங்களும் உண்டு. செய்யுட் சொல்லுக்கு முதன்மை தந்த நிகண்டு மரபு, உழவர், கைவினைஞர், பெண்கள் ஆகியோரின் அன்றாட வழக்கைக் குறைவாகவே பதிந்தது. பேரகராதி வட்டாரக் குறிகளோடு சிலவற்றைச் சேர்த்தும் அக்குறை நீங்கவில்லை. கி. ராஜநாராயணன் 1982இல் வெளியிட்ட வட்டார வழக்குச் சொல்லகராதி, கரிசல் மக்களின் பேச்சை அகராதிக்குரிய பொருளாக்கியது. 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, நிகண்டுச் சான்றை விடுத்துத் தற்கால எழுத்தில் பயிலும் சொல்லையே அடிப்படையாகக் கொண்டது. எடுத்துக்காட்டுத் தொடர்களைத் தந்தது. 2008ஆம் ஆண்டுப் பதிப்பில் இலங்கைத் தமிழ் வழக்குகளைக் குறியிட்டுச் சேர்த்தது. இது மரபிலிருந்து விலகியதாகத் தோன்றலாம். ஆனால் பழஞ்சொற்களைப் பேரகராதி முன்னரே காத்து வைத்திருந்தமையால்தான், தற்காலத்துக்கு மட்டும் எல்லை வகுத்துக்கொள்ளும் உரிமை பின்வந்தோருக்குக் கிடைத்தது.

மின்வடிவில் இழப்பவை

இன்று பேரகராதியும் வின்சுலோ அகராதியும் பப்ரிசியுசு அகராதியும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் திட்டத்தின்வழித் தேடத்தக்க நிலையில் உள்ளன. நூலகம் செல்ல இயலாத மாணவருக்கு இது பெரும்பேறு. மூல நூலின் பெயரையும் குறிகளையும் பேணும் இத்தகைய முயற்சிகள் வழிநூலின் அறத்துக்கு உட்பட்டவை.

இதற்கு மாறாக, கைப்பேசிச் செயலிகளும் வணிக நோக்குடைய தளங்களும் பலவிடத்துப் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு சான்றைக் கைவிடுகின்றன. நிகண்டுச் சொல், சங்கச் சொல், யாழ்ப்பாண வழக்கு, இன்றைய வழக்கு ஆகியன வேறுபாடின்றி ஒரே பட்டியலாகக் காட்டப்படுகின்றன. பயில்வோர் வழக்கொழிந்த பொருளை இன்றைய பொருளெனக் கொள்வர். அதனினும் பெரிய இழப்பு, திருத்தும் வாய்ப்பு இல்லாது போதல். ஒரு பொருள் ஐயத்துக்குரியதாகத் தோன்றினும், அது எங்கிருந்து வந்தது என்று தெரியாதபோது அதனைச் சோதிக்கும் வழி அடைபடுகிறது. அத்தளங்களின் தரவைக் கொண்டு உருவாகும் இயந்திர மொழிபெயர்ப்பு முதலான கருவிகளும் அக்குழப்பத்தையே பெருக்கும்.

முடிவுரை

தமிழ் அகராதி மரபில் ஒவ்வொரு தலைமுறையும் ஒரு புதிய செயலைச் சேர்த்தது. நிகண்டுகள் திரட்டின, இரேவண சித்தரும் வீரமாமுனிவரும் வரிசைப்படுத்தினர், நைட், சந்திரசேகர பண்டிதர், வின்சுலோ முதலியோர் விரித்தனர், பேரகராதி சான்று காட்டியது, பாவாணர் மறுத்தார், க்ரியா தற்காலத்தை வரையறுத்தது. பின்னைச் செயல் எதுவும் முன்னைச் செயலின்றி நிகழ்ந்திருக்க இயலாது. இவ்வகையில் நன்றியறிதல் என்பது முன்னுரையில் எழுதப்படும் உபசாரமாக நின்றுவிடாமல், யார் கூறியது என்பதைச் சொல்லோடு சேர்த்தே காக்கும் ஆய்வுமுறையாகிறது.

எனவே மின்னகராதிகளை உருவாக்குவோர் தலைச்சொல்லோடும் பொருளோடும் மூல நூற்பெயர், பதிப்பாண்டு, மேற்கோள், வழக்குக் குறி ஆகியவற்றையும் தரவின் பிரிக்கவொண்ணா உறுப்பாகப் பேண வேண்டும். அகராதி முன்னுரைகளில் மட்டும் எஞ்சியிருக்கும் புலவர் பெயர்களைத் திரட்டி, அவர்தம் பங்களிப்பை வரையறுக்கும் தனியாய்வுகள் மேற்கொள்ளப்படுதலும் இன்றியமையாதது.