ஓய்வும் பணியும்: பணிமுடிவுக்குப் பிந்தைய உழைப்பைக் குறிக்கும் ஆட்சிச் சொற்கள் – ஒரு திறனாய்வு

1. முன்னுரை

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 60 வயதைக் கடந்தோருள் ஊர்ப்புற ஆண்களில் ஏறத்தாழ 66 விழுக்காட்டினரும் பெண்களில் 28 விழுக்காட்டினரும் உழைப்போராகப் பதிவாகியுள்ளனர். நகர்ப்புறத்தில் இவ்வளவு முறையே 46, 11 விழுக்காடுகளாகும். இவர்களுள் ஓய்வு பெற்றபின் மீண்டும் பணிக்குச் செல்வோர் ஒரு பிரிவினர். ஓய்வு என்னும் நிலையையே அறியாது உழைத்து வருவோர் பெரும்பான்மையினர். சட்டம், அரசாணை, ஆய்வு வினாநிரல் ஆகியவற்றை இந்திய மொழிகளில் பெயர்ப்போர் இவ்விரு பிரிவினருக்கும் ஒரே சொற்றொகுதியைப் பயன்படுத்தி வருகின்றனர். தமிழில் அத்தொகுதி ஓய்வு, ஓய்வூதியம், பணி நீட்டிப்பு, மறுநியமனம் என்பனவற்றை மையமாகக் கொண்டது. இச்சொற்கள் தாம் குறிக்க வேண்டிய வேறுபாடுகளைக் குறிக்கின்றனவா என்பதைப் பிற இந்திய மொழிகளோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது. ஒரு கலைச்சொல்லின் தகுதி அதன் அழகிலோ தூய்மையிலோ மட்டும் அடங்குவதில்லை. அச்சொல்லைக் கொண்டு எழுதப்பட்ட ஆணையால் ஒருவருக்குக் கிடைப்பதும் கிடைக்காமற்போவதும் எவை என்பதையும் சேர்த்தே அதனை மதிப்பிட வேண்டும்.

2. ஒரு நிகழ்வு, பல உருவகங்கள்

பணிக்காலம் முடிதல் என்னும் ஒரே நிகழ்வை இந்திய மொழிகள் வெவ்வேறு உருவகங்களால் காண்கின்றன. இந்தியும் மராத்தியும் கையாளும் ‘சேவாநிவிருத்தி’ சேவையினின்று திரும்புதலைக் குறிப்பது. பிரவிருத்தி, நிவிருத்தி என்னும் பழைய மெய்யியல் இணையின் நிழல் இதில் படிந்துள்ளது. கன்னடமும் குசராத்தியும் நிவிருத்தி என்னும் சொல்லையே தனித்தும் வழங்குகின்றன. தெலுங்கின் ‘பதவீ விரமண’, மலையாளத்தின் ‘விரமிக்கல்’ ஆகியன நின்றுபோதலைக் குறிப்பன. வங்காளியின் ‘அபசர்’ ஓய்ந்த பொழுதைச் சுட்டுவது. பஞ்சாபியின் ‘சேவாமுக்த்’ சேவையினின்று விடுபட்டவரைக் காட்டுகிறது. உருதுவின் ‘சபுக்தோஷ்’ தோள்சுமை இறங்கியவர் என்னும் பொருளுடையது. கடன் தீர்த்தவருக்கும் இச்சொல் பொருந்தும்.

இவற்றை இரு வகைகளாகப் பகுக்கலாம். முதல்வகை பணிக்கு நிகழ்ந்ததைக் கூறுகிறது: பணி நின்றது, பணியினின்று திரும்பினார், பணியினின்று விடுபட்டார். இரண்டாம் வகை பணி நீங்கிய ஆளின் நிலையைக் கூறுகிறது: அவருக்குப் பொழுது உண்டு, அவர் சுமையற்றவர். தமிழின் ‘ஓய்வு’ இவ்விரு வகைகளிலும் ஒருங்கே நிற்பது. ஓய்தல் என்பதைத் தொல்காப்பிய உரியியல், முன்பிருந்த ஒன்று நுணுகிக் குறைதல் என்னும் பொருளில் வைக்கிறது. பிற்கால வழக்கில் மழை ஓய்தல், ஆரவாரம் ஓய்தல் என முடிவுப்பொருளும், கை ஓய்தல், கால் ஓய்தல் எனத் தளர்ச்சிப்பொருளும், ஓய்ந்திருத்தல் என இளைப்பாறற்பொருளும் இச்சொல்லுக்கு உரியவாயின. இலங்கைத் தமிழில் பரவலாக வழங்கும் ‘இளைப்பாறிய அதிபர்’ என்னும் தொடர் மூன்றாம் பொருளை மட்டும் தெளிவாகத் தேர்ந்துகொண்டது. இந்தியத் தமிழ் ஆட்சிமொழியோ மூன்று பொருளையும் ஒரு சொல்லில் ஏற்றிவைத்தது.

இதன் விளைவாக, ஓய்வு பெற்றபின் பணி செய்தல் என்பது தமிழில் முரண்தொடர்போல் ஒலிக்கிறது. பதவி விரமணத்திற்குப் பின் பணி செய்தல் தெலுங்கர்க்கு முரணாகத் தோன்றாது. ஒரு பதவி நின்றது, மற்றொன்று தொடங்கியது என்பதே அதன் பொருள். தமிழிலோ ஓய்ந்தவர் உழைக்கிறார் என்றாகிறது. கேட்போர் மனத்தில் ‘ஏன்?’ என்னும் வினா எழுகிறது. முப்பதுகளின் இறுதியில் படையிலிருந்து விடைபெற்று வங்கி வாயிலில் காவற்பணி செய்யும் வீரரையும் ஓய்வு பெற்றவர் என்றே எழுதுகிறோம். அவர் உடலும் ஓயவில்லை, உழைப்பும் ஓயவில்லை. ஓய்ந்தது அவரது முதற்பணி மட்டுமே.

வயதைச் சுட்டும் கலைச்சொல்லிலும் இத்தகைய சிக்கல் உண்டு. இந்தி ஆட்சிமொழி ‘அதிவர்ஷிதா’ எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, ஆண்டு கடந்தமையை மட்டும் கூறியது. தமிழ் ஆணைகளில் காணும் ‘வயது முதிர்வு காரணமாக’ என்னும் தொடர் உடல்முதுமையைக் காரணமாக்குகிறது. மைய அரசுப் பணியில் இவ்வயது 1962இல் 55இலிருந்து 58ஆகவும் 1998இல் 60ஆகவும் உயர்ந்தது. தமிழ்நாட்டில் 2020இல் 59 என்றும் 2021இல் 60 என்றும் ஆயிற்று. தெலங்கானா 2021இல் 61 எனவும் ஆந்திரம் 2022இல் 62 எனவும் வரையறுத்தன. ஆணையால் நகரும் ஒரு கோட்டை உடலின் முதிர்வாகப் பெயர்ப்பது பிழைபட்ட காரணத்தை மொழிக்குள் நிலைநாட்டுவதாகும்.

3. ‘பெறு’ என்னும் வினையாக்கி

கீழ்வரும் தொடர்களை நோக்குக.

(1) அவர் ஓய்வு எடுத்தார்.
(2) அவர் ஓய்வு பெற்றார்.
(3) அவருக்குக் கட்டாய ஓய்வு அளிக்கப்பட்டது.
(4) அவர் தறியை நிறுத்திவிட்டார்.

(1)இல் எழுவாய் தானே செயல்படுகிறது, ஓய்வு தற்காலிகமானது. (2)இல் உள்ள ‘பெறு’ கொடுப்பவர் ஒருவரை உட்கொண்டுள்ளது. அனுமதி பெறுதல், பட்டம் பெறுதல் என்பனபோல, ஓய்வு பெறுதலுக்கும் வழங்கும் அதிகாரம் ஒன்று தேவை. அவ்வதிகாரம் (3)இல் செயப்பாட்டு வினையால் வெளிப்படுகிறது. (4)இன் நெசவாளர் நாற்பதாண்டு உழைத்தவராயினும், வழங்குவோர் இன்மையால் ‘ஓய்வு பெற்றார்’ என்னும் தொடர் அவருக்குப் பொருந்துவதில்லை. அவர் தறியை நிறுத்தினார். கடைக்காரர் கடையை மகனிடம் ஒப்படைத்தார். வயலில் உழைத்தவர் ‘முடியவில்லை, விட்டுவிட்டேன்’ என்றார். பணியளிப்பவர் உள்ள வேலைக்கே ஓய்வு உண்டு என்னும் சமூகப் பாகுபாட்டை இலக்கணம் இவ்வாறு காட்டிவிடுகிறது.

முதியோர் குறித்த ஆய்வு வினாநிரல்களைப் பெயர்ப்போர் இவ்விடத்தில் கவனம் கொள்ளவேண்டும். ‘நீங்கள் ஓய்வு பெற்றுவிட்டீர்களா?’ என்னும் வினாவிற்கு அறுபத்தைந்து வயது விவசாயக் கூலிப் பெண் ‘இல்லை’ என விடையளித்தால், அது இன்னும் உழைக்கிறார் என்பதைக் காட்டுமா, ஓய்வூதியம் தரும் பணியில் என்றும் இருந்ததில்லை என்பதைக் காட்டுமா? இரண்டும் பொருந்தும். எனவே அவ்விடையைக் கொண்டு எதையும் எண்ண இயலாது. ‘வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டீர்களா?’ என்பதும், ‘வேலையளித்தவர் உங்களைப் பணியிலிருந்து விடுவித்தாரா?’ என்பதும் தனித்தனி வினாக்களாக அமைதல் வேண்டும்.

4. நீட்டிப்பும் மறுநியமனமும்

பணி நீட்டிப்பு என்பது ஓய்வுநாளைத் தள்ளிவைத்தல். அதனைப் பெற்றவர் இன்னும் ஓய்வு பெறவில்லை, ஓய்வூதியம் தொடங்கவில்லை. ஓய்வு பெற்றவரை மீண்டும் அமர்த்துதல் இதனின் வேறானது. அங்கு ஓய்வூதியம் தொடங்கிவிட்டது. மைய அரசின் 1986ஆம் ஆண்டு ஆணைகளின்படி புதிய ஊதியம் அவ்வோய்வூதியத்தையும் கருத்திற்கொண்டே வரையறுக்கப்படும். மூன்றாவதாக, ஒப்பந்த முறையில் தொகுப்பூதியத்திற்கு அமர்த்துதல் உள்ளது. இம்மூன்றும் சட்டத்தில் வேறுபட்ட நிலைகள். செய்தித்தாள் தமிழ் இவற்றுள் முதலிரண்டையும் பணி நீட்டிப்பு என்றே பலகாலும் எழுதுகிறது.

மறுநியமனம் என்னும் சொல்லுக்கு வேறொரு குறையும் உண்டு. கல்வியாண்டின் இடையில் ஓய்வு பெறும் ஆசிரியர் ஆண்டிறுதிவரை தொடர்வதையும் தமிழ்நாட்டில் மறுநியமனம் என்கிறோம்; பதவிக்காலம் முடிந்த துணைவேந்தர் அதே பதவியில் இரண்டாம் முறை அமர்வதையும் மறுநியமனம் என்கிறோம். மலையாளத்தின் ‘புனர்நியமனம்’ இத்தகையதே. இவ்வேறுபாடு வெற்று நுணுக்கம் அன்று. கண்ணூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் வழக்கில், முதல் நியமனத்திற்குரிய அறுபது வயது வரம்பு மறுநியமனத்திற்கும் உண்டா என்பது உச்ச நீதிமன்றத்தின் முன் நின்ற வினாக்களுள் ஒன்று. 30.11.2023 அன்று வழங்கிய தீர்ப்பில் அவ்வரம்பு மறுநியமனத்திற்குப் பொருந்தாது எனக் கொண்ட நீதிமன்றம், வேந்தர் தம் முடிவைத் தாமே சுதந்திரமாக எடுக்கவில்லை என்னும் காரணத்தால் அந்நியமனத்தை நீக்கியது. நியமனம், மறுநியமனம் என்னும் இரு சொற்களின் எல்லையே வழக்கின் ஒரு பகுதியைத் தீர்மானித்தமை மொழிபெயர்ப்பாளர் நினைவிற்கொள்ளத்தக்கது.

விருப்பம் என்னும் கூறு சட்டமொழியில் எங்குத் தோன்றுகிறது என்பதும் நோக்கத்தக்கது. அரசமைப்பின் 128ஆம் உறுப்பு, முன்னாள் நீதிபதிகளை உச்ச நீதிமன்ற அமர்வில் பங்கேற்க அழைக்க வகைசெய்கிறது. அவரது இசைவின்றி அவரைக் கட்டாயப்படுத்தலாகாது என்னும் காப்புரையும் அதனுள் உண்டு. உயர் நீதிமன்றங்களுக்கென 1963ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 224அ உறுப்பும் இவ்வாறே அமைந்தது. மேல்நிலையில் இசைவு எழுத்திலேயே காக்கப்பட்டது. எழுத்தர், ஆசிரியர் நிலையில் அது விண்ணப்பம் என்னும் வடிவில் உள்ளது. இரவுக் காவலர் நிலையில் விருப்பத்தையும் தேவையையும் பிரித்துக் காட்டும் ஆட்சிச் சொல் எதுவும் இல்லை. படிநிலை இறங்க இறங்கச் சொல்வளம் மெலிவதை இது காட்டுகிறது.

5. ஓய்வூதியம், உதவித்தொகை

இந்தி, மலையாளம் முதலிய மொழிகள் ‘பென்ஷன்’ என்னும் கடன்சொல்லையே ஆண்டன. கன்னடம் ‘பிஞ்சணி’ எனவும் தெலுங்கு ‘பிஞ்சன்’ எனவும் தத்தம் ஒலிமரபிற்கேற்ப மாற்றிக்கொண்டன. தமிழ் ஆட்சிமொழி பழைய ‘உபகாரச் சம்பளம்’ என்னும் வழக்கைக் கைவிட்டு ஓய்வூதியத்தை ஏற்றது. இம்மாற்றம் வரவேற்கத்தக்கதே. உபகாரம் என்பது கொடுப்பவரின் கருணையைச் சுட்டுவது. ஊதியம் என்பதோ உழைத்தவரின் உரிமையைச் சுட்டுவது. 17.12.1982 அன்று நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓய்வூதியம் கொடையன்று, முன்செய்த பணிக்குரிய உரிமை என்று வகுத்த கொள்கையைத் தமிழ்ச்சொல் தன் அமைப்பிலேயே கொண்டிருந்தது.

எனினும் பகுத்தறியத்தக்க தொகைச்சொற்களுக்கு ஓர் இடர் உண்டு. பொருள் மாறும்போது அவற்றின் உறுப்புகள் மாறாமல் நிற்கும். 2015இல் தொடங்கிய அடல் ஓய்வூதியத் திட்டமும் 2019இல் அமைப்புசாராத் தொழிலாளர்க்கென வந்த திட்டமும் அறுபது வயதிற்குப் பின் தொகை தருவன. அத்தொகையைப் பெறுவோர் உழைப்பை நிறுத்தவேண்டும் என்னும் நிபந்தனை இவற்றில் இல்லை. ஆகவே ஓய்வில்லாதவருக்கும் ஓய்வூதியம் உண்டு. கடன்சொல்லை ஏற்ற மொழிகளில் இம்முரண் எழுவதில்லை. தமிழில் பேச்சுவழக்கின் ‘பென்சன்’ இச்சுமையைத் தாங்கவேண்டியதாயிற்று.

ஏழை முதியோர்க்கான தொகைக்கு நேர்ந்தது இதனினும் கருதத்தக்கது. தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டம் என்னும் பெயர் ஆவணங்களில் இருப்பினும், அலுவலக வழக்கிலும் செய்திகளிலும் ‘முதியோர் உதவித்தொகை’ என்பதே பெருவழக்கு. வாழ்நாள் முழுதும் வயலில் உழைத்தவர் பெறுவது உதவி. அலுவலகத்தில் உழைத்தவர் பெறுவது ஊதியம் என இரு சொற்கள் இருவரையும் பிரிக்கின்றன. 1995ஆம் ஆண்டு வடிவில் இத்திட்டம் ஆதரவற்றோர்க்கு மட்டும் உரியதாயிருந்தது. 2007முதல் வறுமைக்கோட்டிற்குக் கீழ்ப்பட்ட குடும்பத்தார்க்கு உரியதாயிற்று. உதவி என்னும் சொல் நிலவும்வரை, அதைப் பெறுபவர் தாம் செய்யும் சிறு வேலையையும் மறைத்துக் கூறவே முற்படுவார். கொள்கை மாறியபின்னும் சொல் பழைய அச்சத்தைக் காத்து நிற்கிறது.

6. ‘வேண்டும்’ என்னும் வினை

விருப்பமா, தேவையா என்னும் வினாவே பணிமுடிவுக்குப் பிந்தைய உழைப்பு பற்றிய ஆய்வுகளின் மையம். தமிழில் இவ்விரண்டும் ‘வேண்டும்’ என்னும் ஒரே வினையில் கலந்துள்ளன. ‘எனக்கு வேலை வேண்டும்’ என்பது ஆசையாகவும் இருக்கலாம், இன்றியமையாமையாகவும் இருக்கலாம். இந்தியில் ‘காம் கர்னா சாஹ்தா ஹூம்’ என்பதும் ‘காம் கர்னா பட்தா ஹை’ என்பதும் இருவேறு வினைகளால் பிரிந்து நிற்கின்றன. எனவே இந்தி வடிவில் தெளிவாயிருக்கும் வினா, ‘இன்னும் வேலை செய்ய வேண்டும் என நினைக்கிறீர்களா?’ எனத் தமிழில் வரும்போது இருபொருள்படுகிறது. ‘விரும்பிச் செய்கிறீர்களா?’, ‘செய்யவேண்டியிருப்பதால் செய்கிறீர்களா?’ எனப் பிரித்துக் கேட்கத் தமிழில் வழி உண்டு. அவ்வழியைப் பயன்படுத்துவது மொழிபெயர்ப்பாளர் கடமை.

விடைகளிலும் ஒரு நுட்பம் உண்டு. ஓய்வு பெற்ற கணக்கர் ஒருவர் துணிக்கடையில் கணக்கெழுதினால், ‘வேலை பார்க்கிறேன்’ என்னாது, ‘சும்மா ஓரிடத்திற்குப் போய்வருகிறேன்’ என்பார்; காரணம் கேட்டால் ‘பொழுது போகவேண்டுமே’ என்பார். மகள் திருமணக் கடனே உண்மைக் காரணமாயிருப்பினும், மதிப்பைக் காக்கும் மொழி தேவையை விருப்பமாக உடுத்திக் காட்டும். தேசிய மாதிரி ஆய்வின் வகைப்பாட்டில் 94ஆம் குறியீடு வாடகை, ஓய்வூதியம் முதலியவற்றால் வாழ்வோரைச் சேர்ப்பது. ‘போய்வருகிறேன்’ என்பதை உலாவாகக் கொண்ட கணக்கெடுப்பாளர் இவரை அக்குறியீட்டில் இட்டால், ஓர் உழைப்பாளர் கணக்கிலிருந்து மறைகிறார். கணக்கெடுப்பாளர் கையேட்டில் இத்தகைய வழக்குகளின் பொருள் விளக்கப்பெறல் இன்றியமையாதது.

7. முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து சில பரிந்துரைகள் பெறப்படுகின்றன. நிகழ்வைக் குறிக்கப் ‘பணிநிறைவு’ என்பதை ஆட்சிமொழி ஏற்கலாம். அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் அச்சாகும் அழைப்பிதழ்கள் பணிநிறைவுப் பாராட்டு விழா என ஏற்கெனவே எழுதிவருகின்றன. இச்சொல் பணியைப் பற்றி மட்டும் பேசுகிறது. ஆளின் உடலைப் பற்றியோ எதிர்காலத்தைப் பற்றியோ தீர்ப்புக் கூறுவதில்லை. மறுநியமனம் என்பதை அதே பதவியில் மீண்டும் அமர்த்துவதற்கு ஒதுக்கி, பணிநிறைவுற்றவரை அமர்த்துவதை ‘மீள்பணியமர்வு’ எனலாம். பணி நீட்டிப்பு தன் பொருளில் நிற்கட்டும். ஓய்வூதியம் வேரூன்றிய சொல்லாதலின் அதனை மாற்றுதல் வேண்டா. ஏழை முதியோர் பெறும் தொகைக்கும் அச்சொல்லையே தவறாமல் வழங்குதல் வேண்டும். வினாநிரல்களில் விருப்பமும் தேவையும் தனித்தனி வினைகளால் கேட்கப்படுதல் வேண்டும்.

ஓய்வு என்னும் சொல்லை அதன் இயல்பான பொருளுக்கே விட்டுவிடலாம். உழைத்தவர் எவராயினும் அதனை எடுக்கும் உரிமை உடையவர் என்னும் கருத்து, அதனைப் பெறுவதற்கு அதிகாரம் ஒன்று வேண்டும் என்னும் கட்டினின்று சொல் விடுபட்ட பின்னரே தமிழில் தெளிவாகக் கூறத்தக்கதாகும்.